சென்சார் முதல் தானியங்கி வால்வு வரை: மண் ஈரத்தை அளந்து பாசனம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கருவியை வாங்கிவிடுகிறார்கள். அதை எங்கே புதைப்பது, சிக்னல் எட்டுமா, அது காட்டும் 43 என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்றெல்லாம் பிறகுதான் தேடத் தொடங்குகிறார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் சென்சார் மூலையில் கிடக்கிறது, தண்ணீர் பழையபடி கைக்கணக்கில் ஓடுகிறது. கருவி சரியில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. வேலையின் வரிசை மாறிப்போனதுதான் காரணம்.

இங்கே ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: சொட்டு நீர்ப் பாசனம் உள்ள நிலத்தில் மண்ணின் ஈரத்தை அளந்து, அந்த அளவை வைத்து வால்வையும் மோட்டாரையும் இயக்குவது. இணையத்தோடு இணைந்த பண்ணைக் கருவிகள் எத்தனையோ உண்டு. ஆனால் முதலில் கை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பலன் கண்ணுக்குத் தெரியும், தவறும் உடனே தெரியும்.

1. எந்த முடிவுக்காக அளக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வரி போதும். "மூன்றாம் பகுதிக்கு இன்று தண்ணீர் விடவேண்டுமா, விட்டால் எவ்வளவு நேரம்?" இப்படி ஒரு கேள்வி எழுத வராவிட்டால் சென்சார் வாங்க இன்னும் நேரம் வரவில்லை.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. எத்தனை சென்சார், எந்த ஆழம், எவ்வளவு நேரத்துக்கு ஒரு அளவு என்ற எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன. தண்ணீர் விடலாமா என்று ஒரு நாளைக்கு ஒரு தடவை முடிவெடுப்பவருக்கு அரை மணிக்கு ஒரு அளவு தாராளம். நிமிடத்துக்கு ஒன்று வேண்டும் என்று வைத்தால் பேட்டரி காலியாகும், முடிவு மட்டும் மாறாது.

கருவி சொல்லும் பதிலை நம்பாமல் எப்படியும் பழைய முறைப்படியே தண்ணீர் விடப்போகிறீர்கள் என்றால் அதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். தண்ணீர் முறை வைத்து வரும் இடத்தில், முறை வரும் நாளில்தான் பாய்ச்ச முடியும். அங்கே கேள்வி "இன்று விடலாமா" என்பதில்லை, "எவ்வளவு விடலாம்" என்பதுதான்.

2. கருவிக்கு முன் குழாயைச் சரிசெய்யுங்கள்

நிலத்தின் வரைபடம் ஒன்று போடுங்கள். கையால் வரைந்தது போதும். கிணறு அல்லது தொட்டி, மோட்டார், ஃபில்டர், முதன்மைக் குழாய், துணைக்குழாய், ஒவ்வொரு வால்வும் எந்தப் பகுதிக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். மண் மாறும் இடங்களையும் குறியுங்கள். மேட்டுப்பகுதி மணலாகவும் தாழ்வான பகுதி களியாகவும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே சென்சார் உதவாது.

பிறகு ஒவ்வொரு வால்வையும் திறந்து, வரிசையின் முதல் சொட்டுவானிலும் கடைசிச் சொட்டுவானிலும் ஒரு கிண்ணம் வைத்துப் பத்து நிமிடம் பிடியுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அடைப்போ அழுத்தக் குறைவோ இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த படி. சென்சார் தன்னைச் சுற்றியுள்ள சில சென்டிமீட்டர் மண்ணை மட்டும்தான் பார்க்கிறது. அந்த இடத்துச் சொட்டுவான் அடைத்திருந்தால், பகுதி முழுவதும் காய்ந்துவிட்டது என்று நினைத்து வால்வைத் திறந்துகொண்டே இருக்கும். குழாயில் உள்ள குறையைக் கருவி மறைப்பதில்லை, பெரிதாக்கிவிடுகிறது.

ஒவ்வொரு பகுதிக்கும் மணிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதையும் இப்போதே அளந்து எழுதிவையுங்கள். எட்டாம் படியிலும் பத்தாம் படியிலும் இந்த எண் தேவைப்படும்.

3. சிக்னலை நிலத்தில் நின்று சோதியுங்கள்

வைஃபை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தோட்டத்துக்குச் சரி. அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை ஈரமான இலைகள் நன்றாக உறிஞ்சிவிடும். நடும்போது வேலை செய்த இணைப்பு, பயிர் தலைக்கு மேல் வளர்ந்ததும் அறுந்துபோகும். சிம் கார்டு போட்ட கருவி, அந்த இடத்தில் நல்ல மொபைல் சிக்னல் இருந்தால் எளிது. ஆனால் பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டு வருகின்றன. பழைய மோடம் கொண்ட கருவியை மலிவு என்று வாங்கினால் ஒரு நாள் அது ஊமையாகிவிடும்.

பரந்த நிலத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது லோரா என்ற ரேடியோ முறை. மிகக் குறைந்த மின்சாரத்தில் சில கிலோமீட்டர் தூரம் போகும், ஒரே கேட்வே (சென்சார்களின் செய்தியை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) பல சென்சார்களைக் கவனிக்கும். அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறுபடும்: இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 863 முதல் 870, வட அமெரிக்காவில் 902 முதல் 928. வேறு நாட்டுக்கான கருவியை வாங்கினால் அது சட்டப்படியும் தவறு, உங்கள் கேட்வேயோடும் பேசாது.

சோதிக்கும் முறை இதுதான். கேட்வேயை அது நிரந்தரமாக இருக்கப்போகும் உயரத்திலேயே கட்டுங்கள். ஒரு சென்சார் நோடை (சென்சாரின் அளவை ரேடியோவில் அனுப்பும் சிறு கருவி) எடுத்துக்கொண்டு நிலத்தின் நான்கு மூலைக்கும் பள்ளமான இடங்களுக்கும் போங்கள். நோடைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சோதிக்காதீர்கள். பயிருக்குள் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கேயே வையுங்கள். சிக்னல் அளவு மைனஸ் 110 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; மைனஸ் 120 என்றால் இன்னும் பலவீனம்) என்பதைவிட மோசமாக இருக்கும் இடத்தில் இன்று செய்தி வந்தாலும் நம்பாதீர்கள். பயிர் வளர்ந்து மழையும் பெய்தால் அந்த இடம் விழுந்துவிடும். கேட்வேயின் ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துவது, கருவியை மாற்றுவதைவிடப் பல நேரம் அதிகப் பலன் தரும்.

ஆன்டெனா மாட்டாமல் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அனுப்பும் சக்தி வெளியேற வழியில்லாமல் திரும்பி வந்து சிப்பையே கெடுத்துவிடும்.

4. இப்போது வாங்கலாம்

மண் ஈர சென்சாரில் நான்கு வகை உங்கள் கண்ணில் படும். இரண்டு உலோகக் கம்பிகள் கொண்ட மின்தடை வகைதான் மிக மலிவு. அதைப் பள்ளிச் செயல்திட்டத்துக்கு விட்டுவிடுங்கள். ஈர மண்ணில் மின்சாரம் பாயும்போது கம்பி அரிக்கத் தொடங்கி, சில வாரங்களில் அளவு விலகிவிடும்.

கொள்ளளவு வகை (கெப்பாசிட்டிவ்) சென்சார், தண்ணீருக்கும் மண்ணுக்கும் உள்ள மின்காப்பு எண் வித்தியாசத்தை அளக்கிறது. தண்ணீருக்கு அந்த எண் ஏறத்தாழ 80, உலர்ந்த மண் துகளுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. மலிவான பலகை வடிவச் சென்சார் வாங்கினால், அதன் வெட்டு விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும். விளிம்பு முழுவதும் எப்பாக்ஸி பூசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். மேல்பகுதியில் உள்ள சிப்புகளுக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

மூன்றாவது டென்சியோமீட்டர், நான்காவது ஜிப்சம் போன்ற துளைப்பொருள் கொண்ட சென்சார். இவை தண்ணீரின் அளவைச் சொல்வதில்லை, அதை உறிஞ்ச வேர் எவ்வளவு சிரமப்படவேண்டும் என்பதைக் கிலோபாஸ்கலில் சொல்கின்றன. மண் வகை மாறினாலும் இந்த எண்ணின் பொருள் அதிகம் மாறாது என்பது பெரிய வசதி. டென்சியோமீட்டர் 80 கிலோபாஸ்கலைத் தாண்டினால் உள்ளே காற்று புகுந்து நின்றுவிடும். ஆகவே அடிக்கடி தண்ணீர் விடும் காய்கறி, பழப்பயிர்களுக்கு அது பொருத்தம்.

சென்சாருக்கும் நோடுக்கும் இடையே நீளமான வயர் வரும் என்றால் ஆர்எஸ்485 என்ற நீள வயருக்கான டிஜிட்டல் இணைப்பு உள்ள சென்சாராகப் பாருங்கள். சாதாரண அனலாக் சிக்னலை நீள வயரில் கொண்டுவந்தால் மோட்டார் ஓடும்போதெல்லாம் எண் துள்ளும்.

முதல் பருவத்துக்கு ஒரே ஒரு பகுதி, இரண்டு இடம், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஆழம் என நான்கு சென்சார் போதும். மொத்த நிலத்துக்கும் ஒரேயடியாக வாங்குவதை நான் எப்போதும் தடுக்கவே பார்க்கிறேன். ஒரே தவறு எல்லா இடத்திலும் நடப்பதைத்தான் அது உறுதிசெய்கிறது.

5. மின்சாரக் கணக்கு

நோடின் பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதைக் கருவி விழித்திருக்கும் நேரம் தீர்மானிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தூங்கும் நேரத்தையும் பாருங்கள்.

ஒரு நோடு அரை மணிக்கு ஒருமுறை விழித்து, 5 விநாடி வேலை செய்து, அப்போது 80 மில்லியாம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 48 தடவை. மொத்தம் 5.3 மில்லியாம்பியர்-மணி. தூங்கும்போது 50 மைக்ரோஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 1.2 சேரும். ஆக 6.5. பேட்டரி 2,600 மில்லியாம்பியர்-மணி, அதில் 80 சதவீதம் பயன்படும் என்றால் 320 நாள் ஓடும்.

இதே நோடில் ஒரு சிறிய விளக்கும் தரம் குறைந்த வோல்டேஜ் ரெகுலேட்டரும் சேர்ந்து தூங்கும்போதே 10 மில்லியாம்பியர் குடித்தால்? நாளொன்றுக்கு 245. அதே பேட்டரி எட்டு நாளில் படுத்துவிடும். சோதனைக்காக விற்கும் பலகைகளில் இது சாதாரணம். வயலுக்குக் கொண்டுபோகும் முன் மல்டிமீட்டரைத் தொடராக மாட்டி, தூங்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சென்சாருக்குப் போகும் மின்சாரத்தையும் அளக்கும் நேரத்தில் மட்டும் கொடுத்துப் பிறகு நிறுத்தும்படி அமையுங்கள்.

வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் வெப்பம் கடுமையாக ஏறும். அங்கே லித்தியம் அயன் பேட்டரியைவிட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி தாங்கும். இரண்டையுமே உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது.

6. முதலில் மேசையில் ஒரு வாரம்

எல்லாவற்றையும் இணைத்து, சென்சாரை மண் நிரப்பிய வாளியில் குத்திவைத்து, ஒரு வாரம் ஓடவிடுங்கள். வயலில் சேற்றில் நின்றுகொண்டு மென்பொருள் பிழை தேடுவது வீண் சிரமம்.

இந்த வாரத்தில் கேட்வேயின் மின்சாரத்தை நீங்களே நிறுத்திப் பாருங்கள். இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள். திரும்ப வந்ததும் எல்லாம் தானாக எழுந்து பேசுகிறதா? இடையில் எடுத்த அளவுகள் எங்காவது சேமிக்கப்பட்டிருக்கின்றனவா? ஒவ்வொரு அளவோடும் அது எடுக்கப்பட்ட நேரம் சரியாக வருகிறதா? நேரம் தவறினால் வரைபடம் பொய் சொல்லும்.

ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள மலிவான கட்டுப்பாட்டுப் பலகையை நீங்களே நிரல் எழுதிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். அதன் இரண்டாம் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி) பின்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. சென்சாரை முதல் ஏடிசி பின்களில் மட்டும் இணையுங்கள். "சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டுகிறது, இணைத்தால் கெட்டுப்போகிறது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

7. மண்ணில் பதிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் இரண்டு தடவை படிக்கவேண்டும் என்றால் அது இதுதான்.

இடம்: பகுதியின் சராசரி இடம். வரப்போரம் வேண்டாம், தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம், வாடிய செடியின் அடியும் வேண்டாம். சொட்டுவானிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி, செடிக்கும் சொட்டுவானுக்கும் நடுவே வையுங்கள். சொட்டுவானுக்கு நேர் கீழே வைத்தால் எப்போதும் ஈரம் காட்டும். நனைவு வட்டத்துக்கு வெளியே வைத்தால் எப்போதும் வறட்சி காட்டும்.

ஆழம்: முதலில் மண்வெட்டியால் ஒரு செடியின் பக்கத்தில் வெட்டி, வேர் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேல் சென்சாரை அந்த ஆழத்தின் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். கீழ் சென்சாரை வேர் முடியும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். எப்போது தண்ணீர் விடவேண்டும் என்று மேல் சென்சார் சொல்லும். அதிகமாக விட்டுவிட்டீர்களா என்று கீழ் சென்சார் சொல்லும். ஒரே ஆழத்தில் வைப்பவருக்கு இந்த இரண்டாவது செய்தி கிடைப்பதே இல்லை.

பதிக்கும் முறை: முந்தைய நாள் அந்த இடத்துக்குத் தண்ணீர் விடுங்கள். குழி தோண்டி, குழியின் பக்கச் சுவரில், கலைக்கப்படாத மண்ணுக்குள் சென்சாரைக் கிடைமட்டமாகச் செருகுங்கள். மண் கெட்டியாக இருந்தால் அதே தடிமனுள்ள ஒரு தகட்டால் முதலில் வழி செய்யுங்கள். அடித்து ஏற்றாதீர்கள். சென்சாருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு நூலளவு காற்று இடைவெளி இருந்தாலும் எண் கீழே விழும், காற்றின் மின்காப்பு எண் 1 தான் என்று மேலே பார்த்தோமே. தோண்டிய மண்ணை எந்த வரிசையில் எடுத்தீர்களோ அதற்கு எதிர் வரிசையில், அடுக்கடுக்காக, லேசாக மிதித்து நிரப்புங்கள்.

வயர் சென்சாரிலிருந்து நேராக மேலே ஏறக்கூடாது. முதலில் கொஞ்சம் கீழே இறங்கி, பக்கவாட்டில் போய், பிறகு மேலே வரட்டும். இல்லாவிட்டால் வயரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் நேராகச் சென்சாருக்கு இறங்கிவிடும். தரைக்கு மேலும் கீழும் வயரைக் கெட்டியான பைப்புக்குள் விடுங்கள். எலி கடிக்கும், களைவெட்டி வெட்டும்.

நோடுப் பெட்டி ஐபி67 தரத்தில் (தூசியும் தண்ணீரும் புகாதது) இருக்கட்டும். வயர் நுழையும் துளை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கம். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை. கம்பத்தின் உச்சியில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு கொடி கட்டுங்கள். டிராக்டர் ஓட்டுபவருக்கு உங்கள் வரைபடம் தெரியாது.

8. உங்கள் மண்ணுக்கான எண்களைக் கண்டுபிடியுங்கள்

பெட்டியில் எழுதியிருக்கும் "30 சதவீதம் வந்தால் தண்ணீர் விடுங்கள்" என்பதை மறந்துவிடுங்கள். மணலில் 30 சதவீதம் என்றால் தண்ணீர் நிறைந்து வழிகிறது என்று பொருள். களிமண்ணில் அதே 30 சதவீதம், பயிர் தாகத்தை நெருங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். உப்பு அதிகமுள்ள மண்ணில் கொள்ளளவு சென்சார் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

முதலில் கருவியைச் சரிபாருங்கள். சென்சாருக்குப் பக்கத்திலிருந்து, அளவு தெரிந்த உருளைக் குழாயால் மண்ணைக் கலையாமல் எடுங்கள். எடை போட்டு, அடுப்பில் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். குறைந்த கிராம்தான் தண்ணீர். ஒரு கிராம் ஒரு மில்லிலிட்டர் என்பதால், அதைக் குழாயின் கொள்ளளவால் வகுத்தால் கன அளவு சதவீதம் கிடைக்கும். ஈரமாக ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை என்று குறைந்தது இரண்டு புள்ளி எடுத்துச் சென்சார் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

அடுத்து, மேல் எல்லை. பகுதியை நன்றாக நனைத்துவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். முதலில் கோடு வேகமாக இறங்கும், அது வடிகிற தண்ணீர். பிறகு இறக்கம் மெதுவாகும். மணலில் ஒரு நாளில், களியில் இரண்டு மூன்று நாளில் இந்தத் திருப்பம் வரும். திரும்பும் இடத்து எண்தான் அந்த மண்ணின் பிடிதிறன். அதற்கு மேல் விடும் தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும், உரத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

கீழ் எல்லை என்பது பயிர் இனி உறிஞ்ச முடியாத வாடல் நிலை. அதைத் தொடவிடக்கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள தண்ணீரில் பாதி தீர்ந்ததும் பாய்ச்சுவது பல பயிர்களுக்குப் பொருந்தும். வேர் ஆழம் குறைந்த காய்கறிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே பாய்ச்சுங்கள். "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று பெரியவர்கள் சொல்வதைத்தான் இங்கே எண்ணில் எழுதுகிறோம்.

ஒரு கணக்கு. பிடிதிறன் 28 சதவீதம், வாடல் நிலை 14 சதவீதம். பாதி தீர்ந்தால் 21. வேர் ஆழம் 40 செ.மீ., அதாவது 400 மி.மீ. குறைந்திருக்கும் 7 சதவீதம் என்பது 28 மி.மீ. தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். 1,000 சதுர மீட்டர் பகுதியில் சொட்டுநீர் நனைப்பது 40 சதவீத இடத்தைத்தான் என்றால் 11,200 லிட்டர் வேண்டும். வீணாவது 10 சதவீதம் என்று வைத்து 0.9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12,400 லிட்டர். அந்தப் பகுதியில் மணிக்கு 6,000 லிட்டர் பாய்கிறது என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டாம் படியில் எழுதிவைத்த எண்ணுக்கு இப்போது வேலை வந்துவிட்டது.

9. சில வாரம் கையாலேயே வால்வைத் திறங்கள்

எண்கள் கிடைத்ததும் தானியங்கி வால்வுக்கு மனம் பறக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை பாய்ச்சி முடிக்கும்வரை சென்சார் சொல்வதைப் பார்த்து நீங்களே திறந்து மூடுங்கள்.

இந்தக் காலத்தில் வரைபடத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளலாம். பகலில் கோடு இறங்கி, இரவில் ஏறக்குறைய சமமாக நின்று, மறுநாள் மீண்டும் இறங்கினால் அது படிக்கட்டு போலத் தெரியும். வேர் அந்த ஆழத்தில் உறிஞ்சுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. படிகளின் உயரம் வெயில் குறையாமலே சிறிதாகிக்கொண்டு வந்தால் பயிருக்குத் தண்ணீர் எடுப்பது சிரமமாகிறது. அதற்கு முன்பே பாய்ச்சியிருக்கவேண்டும். இரவிலும் அதே வேகத்தில் இறங்கினால் தண்ணீர் கீழே வடிந்துகொண்டிருக்கிறது, விட்ட அளவு அதிகம்.

தண்ணீர் விட்ட சில நிமிடத்திலேயே மேல், கீழ் இரண்டு சென்சாரும் ஒரே நேரத்தில் துள்ளினால் சந்தோஷப்படாதீர்கள். குழியின் ஓரமாகவோ வயர் வழியாகவோ தண்ணீர் இறங்குகிறது. தோண்டி மறுபடி பதியுங்கள்.

10. வால்வும் மோட்டாரும்

இங்கே தவறினால் அளவு கெடுவதோடு நிற்காது. மோட்டார் எரியும், தொட்டி காலியாகும், ஆளுக்கு அடிபடும். மூன்று பேஸ் மோட்டாரின் ஸ்டார்ட்டரில் கை வைக்க உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். ஏற்கெனவே உள்ள ஓவர்லோடு ரிலேவையும் சிங்கிள் பேஸ் தடுப்பானையும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டிச் செல்லாதீர்கள். உங்கள் கருவியின் ரிலே, கான்டாக்டரின் (ஸ்டார்ட்டரில் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) காயிலை மட்டும்தான் இயக்கவேண்டும்.

வால்வில் இரண்டு வகை. ஒன்று மின்சாரம் இருக்கும்வரை திறந்திருக்கும், போனால் மூடிக்கொள்ளும். மற்றது லாட்சிங் வகை: ஒரு துடிப்பில் திறக்கும், இன்னொரு துடிப்பில் மூடும். பேட்டரியில் ஓடும் இடத்துக்கு லாட்சிங்தான் கட்டுப்படியாகும். ஆனால் திறந்த பிறகு பேட்டரி செத்தால் அது திறந்தபடியே இருக்கும். அதனால் மூடுவதற்கான மின்சாரம் மிச்சமில்லை என்றால் திறக்கவே கூடாது என்ற விதியை நோடிலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று: பெரும்பாலான சோலனாய்டு (மின்காந்தத்தால் இயங்கும்) வால்வுகள் இயங்கக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். மேட்டுத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில் அவை சரியாக மூடாது.

இயக்கும் வரிசை முக்கியம். முதலில் வால்வு திறக்கட்டும், பிறகு மோட்டார் ஓடட்டும். நிறுத்தும்போது மோட்டார் முதலில், வால்வு பிறகு. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது புதிய வால்வு முழுதாகத் திறந்த பிறகே பழையது மூடவேண்டும். இடையில் ஒரு நொடி எல்லாமே மூடியிருந்தாலும் ஓடும் மோட்டார் குழாய் இணைப்பைப் பிய்த்துவிடும்.

தொடங்குவதைச் சென்சார் முடிவுசெய்யட்டும், நிறுத்துவதை லிட்டர் கணக்கு முடிவுசெய்யட்டும். சொட்டிய தண்ணீர் சென்சார் இருக்கும் இடத்துக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். "28 வந்ததும் நிறுத்து" என்று வைத்தால், அது 28 காட்டும்போது ஏற்கெனவே அதிகமாக விட்டிருப்பீர்கள்.

கீழே உள்ள பாதுகாப்புகள் எல்லாம் நிலத்திலேயே, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கவேண்டும். இணையச் சேவையகத்தை நம்பி விடாதீர்கள், இணையம் போகும் நேரம் நம் கையில் இல்லை.

- ஒரு வால்வு அதிகபட்சம் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்ற வரம்பு. எந்தக் கட்டளை வந்தாலும் வராவிட்டாலும் அதற்குப் பின் மூடிவிடும்.
- மோட்டார் ஓடியும் இரண்டு நிமிடத்தில் ஃப்ளோ மீட்டரில் (குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் கருவி) ஓட்டம் இல்லை என்றால் மோட்டார் நிற்கும்.
- வழக்கத்தைவிட ஓட்டம் அதிகமென்றால் குழாய் உடைப்பு, குறைவென்றால் ஃபில்டர் அடைப்பு. முதலாவதில் உடனே நிறுத்தவும், இரண்டாவதில் செய்தி மட்டும் அனுப்பவும்.
- கடைசியாக வந்த அளவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழையது என்றாலோ, சாத்தியமில்லாத எண் என்றாலோ அதை வைத்துத் தொடங்கக்கூடாது.

கட்டளைகளை எம்க்யூடிடி (கருவிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஒரு முறை) வழியாக அனுப்புகிறவர்கள் "ரீடெயின்" வசதியை வால்வுக் கட்டளைக்குப் போடவே கூடாது. நேற்று அனுப்பிய "திற" என்ற கட்டளையைச் சேவையகம் ஞாபகம் வைத்திருந்து, நோடு மறுபடி இணையும்போதெல்லாம் மீண்டும் கொடுக்கும். நள்ளிரவில் வால்வு தானாகத் திறக்கிறது என்று குழம்புவார்கள். ரிலே பலகைகளில் சில, கருவி மீண்டும் தொடங்கும் நொடியில் தாமாக ஒருமுறை "டிக்" என்று இயங்கும். மோட்டாரை இணைக்கும் முன் பலமுறை மின்சாரத்தை நிறுத்திப் போட்டுக் காதால் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஆட்டோ, ஆஃப், மேனுவல் என்று மூன்று நிலைச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். வயலில் வேலை செய்யும் எல்லோருக்கும் அதைக் காட்டிக்கொடுங்கள். யாராவது குழாயிலோ மோட்டாரிலோ கை வைக்கும்போது மெயின் சுவிட்சையே இறக்கிப் பூட்டவேண்டும். தூரத்திலிருந்து ஒரு விரல் அழுத்தினால் இங்கே மோட்டார் ஓடும் என்பதை மறந்துவிடக்கூடாது.

11. எச்சரிக்கைச் செய்தியைக் குறையுங்கள்

நாளைக்கு இருபது செய்தி வந்தால் மூன்றாம் நாளே யாரும் பார்க்கமாட்டார்கள். உடனே எழுந்து போகவேண்டியவை மட்டும் ஒலிக்கட்டும்: ஓட்டமில்லாமல் மோட்டார் ஓடியது, மூடிய வால்வில் தண்ணீர் போகிறது, ஒரு நோடு தொடர்ந்து மூன்று முறை பேசவில்லை. பேட்டரி குறைவு போன்றவை வாரத்துக்கு ஒரு பட்டியலாக வந்தால் போதும்.

கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். சேகரித்த அளவுகளை மாதம் ஒருமுறை உங்கள் கணினியில் இறக்கிவையுங்கள், சேவை நிறுவனம் மூடிவிட்டாலும் பருவக் கணக்கு உங்களிடம் இருக்கும்.

12. பராமரிப்பு

வாரம் ஒருமுறை ஃபில்டர். மாதம் ஒருமுறை சோலார் பேனல் தூசி, பெட்டிக்குள் எறும்பு, சிலிக்கா ஜெல் நிறம். ஃப்ளோ மீட்டர் காட்டும் லிட்டரை அவ்வப்போது அளவு தெரிந்த தொட்டியில் பிடித்து ஒப்பிடுங்கள், மண் துகள் புகுந்தால் அதன் சக்கரம் மெதுவாகும்.

அறுவடை முடிந்து உழுவதற்கு முன் சென்சார்களை எடுத்துக் கழுவி, ஒவ்வொன்றையும் காற்றிலும் தண்ணீரிலும் வைத்து வரும் எண்ணைக் குறித்துவையுங்கள். போன பருவத்தின் குறிப்பிலிருந்து விலகியிருப்பதைத் தனியே ஒதுக்குங்கள். உழுத மண்ணின் இறுக்கம் மாறியிருக்கும், அடுத்த பயிரின் வேர் ஆழமும் வேறு. மறுபடி பதித்ததும் ஏழாம் படியிலிருந்து ஒன்பதாம் படிவரை திரும்பச் செய்யுங்கள். அது முடியும்வரை சுவிட்ச் மேனுவலிலேயே இருக்கட்டும்.